மாண்புமிகு சடகோபனும் மஞ்சள் கடவையும்

மாநிலச் சட்டமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினரும், தேர்ந்த சட்டத்தரணியும், தம்முடைய அலுவலகத்தாரால் 'தெற்கத்திச் சிங்கம்' என்று அழைக்கப்படுபவருமாகிய திரு. சடகோபன் அவர்களுடைய வாழ்க்கை வரலாறு, 'தெற்கிலிருந்து தெற்குக்கு' என்னும் பெயரில் வழவழப்பான தாளில் அச்சாகியுள்ளது. அதன் இறுதிப் பக்கங்களில் ஒரு நிழற்படம் உண்டு. சாலையோரத்து மஞ்சள் நிறக் கல்லொன்றின் முன்னே உறுப்பினர் கைகூப்பி நிற்கிறார். அவருக்குப் பின்னால், முகத்தின் பாதியைப் பூமாலை மறைக்க, விழித்தபடி நிற்கும் முதியவர்தாம் மோகனதாஸ். படத்தின் கீழே, 'மஞ்சள் கடவுளின் முதல் அடியார்' என்று பொறித்திருக்கிறார்கள்.

மோகனதாஸ் எந்தக் கடவுளுக்கும் முதல் அடியார் அல்லர். அவர் கேட்டதெல்லாம், தம்முடைய மனைவி ஒரு தெருவை உயிரோடு கடப்பதற்கு ஒரு வழி.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்திரேலியாவில், சிட்னியின் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்று, வென்ட்வேர்த்வில்லில் குடியிருப்பவர். எவர் எதைச் சொன்னாலும் முதலில் 'ஓம்' என்று ஒப்புக்கொண்டுவிட்டு, வீட்டுக்கு வந்தபின் வருந்துவது அவருடைய சுபாவம். அவருடைய மனைவி மனோரமா அதற்கு நேர்மாறானவர்; வருந்துவதையும் ஏசுவதையும் அந்தந்த இடத்திலேயே முடித்துவிடுவார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோனமையால், கிழமைக்கு மூன்று நாள் அவருக்கு டயலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது.

சிகிச்சை நிலையம் சாலைக்கு அந்தப் பக்கம். பேருந்து நிற்பது இந்தப் பக்கம். இடையே, தொழிற்பேட்டைக்குச் செல்லும் லொறிகள் மூச்சுவிடாமல் ஓடும் அகன்ற சாலை. அருகிலுள்ள சிக்னல் விளக்கோ, நலமாயிருப்பவர்க்கே கால் வலிக்கும் தொலைவில் இருந்தது. சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது மனோரமாவின் கால்கள் துணிபோல் துவண்டுவிடும். இருக்கை வைத்த உருளைநடைவண்டியைப் பற்றிக்கொண்டுதான் நிற்பார்.

ஒருநாள் அவர்கள் திரும்பும்போது, கொள்கலன் லொறியொன்று மிக நெருங்கிச் சென்றது. அதன் பக்கக் கண்ணாடி மனோரமாவின் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு போயிற்று. பையிலிருந்த இடியப்பப் பெட்டி நடுச்சாலையில் உருண்டு, அடுத்து வந்த வாகனத்தின் சக்கரத்தின்கீழ் தட்டையாயிற்று. மனோரமா நடைவண்டியின் இருக்கையில் அமர்ந்து, அந்தப் பெட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குப் பெட்டி," என்றார். "இனி நான். இஞ்சாருங்கோ, எல்லாருக்கும் ஓம் எண்டு சொல்லித் திரியிறியள். போய் ஒருத்தரிட்டை எண்டாலும் ஒரு மஞ்சள் கடவை கேளுங்கோவன்."

"ஓம்," என்றார் மோகனதாஸ்.

இலங்கையில் பாதசாரிகள் தெருவைக் கடக்குமிடத்தில் மஞ்சள் நிறக் கோடுகள் இடுவது வழக்கம். ஆகையால் அதனை 'மஞ்சள் கடவை' என்பர். இந்த நாட்டில் அக்கோடுகள் வெள்ளையாக உள்ளன. எனினும் விமானமேறி வந்த சொற்கள் நிறம் மாறுவதில்லை.

மோகனதாஸ் முதலில் நகரசபைக்குச் சென்றார். சாலை மாநில அரசுக்கு உரியது என்று அங்கே அறிவித்தார்கள். மாநிலத்தின் போக்குவரத்துத் துறையிடம் சென்றபோது, சாலை தங்களுடையதே என்றும், ஆனால் அதன் ஓரத்து நடைபாதை நகரசபைக்கு உரியது என்றும் விளக்கினார்கள். இதன்படி மனோரமா நடைபாதையில் நிற்கும்வரை ஓர் அலுவலகத்தின் பொறுப்பு. சாலையில் கால் வைத்த கணத்தில் மற்றோர் அலுவலகத்தின் பொறுப்பு. அடிபட்டு விழுந்தபின் சுகாதாரத் துறையின் பொறுப்பு. இம்மூன்றையும் இணைக்க வல்லவர் தொகுதியின் உறுப்பினர் ஒருவரே என்று ஓர் அதிகாரி பரிவோடு வழிகாட்டினார்.

சவுத் ரிட்ஜ் தொகுதி உறுப்பினர் சடகோபனின் அலுவலகம் ரயில் நிலையத்துக்கு அருகே, மாடியில் இருந்தது. மனோரமா நடைவண்டியோடு ஏற இயலாதாகையால் மோகனதாஸ் தனியே ஏறினார். காத்திருக்கும் அறையின் சுவர் முழுவதும் உறுப்பினருடைய வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மதுரையில் சட்டம் பயின்று, மாணவராகச் சிட்னிக்கு வந்து, வீடு விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் பத்திரம் எழுதும் சட்டத்தரணியாக உயர்ந்தவர் அவர். 'ஒரு வழக்கிலேனும் தோற்றறியாதவர்' என்றது ஒரு படத்தின் வாசகம். அவர் எந்த வழக்கிலும் வாதாடியதில்லை என்பதால் அது முற்றிலும் உண்மையே. சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணிகளும் அவ்வாறே வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. பொங்கலுக்கு வாழ்த்து, தீபாவளிக்கு வாழ்த்து, ஒரு பள்ளியின் வலைப்பந்து அணிக்கு வாழ்த்து, தோற்றுப்போன மற்றோர் அணிக்கு ஆறுதல். அவர் கொண்டுவந்து நிறைவேறிய ஒரே சட்டத்திருத்தம் வேலிகளைப் பற்றியது. அதன் ஒரு பிரிவில் 'அல்லது' என்றிருந்த இடத்தில் இப்போது 'அல்லது பிற' என்று இருக்கிறது.

"வாங்க அங்கிள், உட்காருங்க," என்றார் ப்ரீத்தி என்னும் பெண். அவர் உறுப்பினரின் சமூகத் தொடர்பு அலுவலர்; மெல்பேர்னின் ட்ருகனினாவில் வளர்ந்தவர்; சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் சான்றிதழ் பெற்றவர். "உங்க ஜர்னியச் சொல்லுங்க. எங்கிருந்து வந்தீங்க?"

"வீட்டிலையிருந்து, பிள்ளை. நடந்து வந்தனான்."

"அது இல்ல அங்கிள், முழு ஜர்னி! ஸ்ட்ரகிள்! சார் புக்ல எல்லாக் கம்யூனிட்டியும் வரணும். நீங்க போட்ல வந்தீங்களா?"

"பிளேனிலை வந்தனான்."

ப்ரீத்தியின் முகம் சிறிது வாடியது. "பரவால்ல," என்றார்.

மோகனதாஸ் மனைவியின் நோயையும், சாலையையும், இடியப்பப் பெட்டி நசுங்கியதையும் சொன்னார். ப்ரீத்தி 'இடியப்பம்' என்பதை மட்டும் எழுதிக்கொண்டு, அதைச் செய்யும் முறையைக் கேட்டார்.

அந்நேரத்தில் உறுப்பினர் உள்ளிருந்து வெளிவந்தார். நல்ல உயரம், சிரித்த முகம், கைகுலுக்கும்போது மற்றொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார், பிடித்தபின் நிழற்படம் எடுத்து முடியும்வரை விடமாட்டார்.

"அண்ணாச்சி, வாங்க வாங்க. யாழ்ப்பாணமா? நான் தெற்கத்திக்காரன், நீங்க கடல் தாண்டின தெற்கு. ஆஸ்திரேலியாவோ எல்லாத்துக்கும் தெற்கு. பார்த்தீங்களா, நம்மளைச் சேர்த்து வைக்கிறது திசைதான்!"

"ஓம் ஐயா. மஞ்சள் கடவை ஒண்டு..."

"குறிச்சுக்கிட்டேன்."

"என்ரை மனிசிக்கு ஏலாது. லொறி..."

"அதையும் குறிச்சுக்கிட்டேன். அண்ணாச்சி, நான் ஒரு காரியத்தைக் குறிச்சுக்கிட்டேன்னா, அது அழியாது. ஒன்பது வருஷமாக் குறிச்சு வச்சது எல்லாம் அப்படியே இருக்கு. ஒண்ணுகூட மாறல!"

இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் உண்மையான பெருமிதம் இருந்தது.

பொதுமக்களின் கருத்தை அறியாமல் எதையும் செய்வது மக்களாட்சிக்கு அழகன்று என்பதால், முதலில் ஒரு கருத்தறியும் கூட்டம் ஏற்பாடாயிற்று. மோகனதாஸ் வென்ட்வேர்த்வில் கடைகளெங்கும் சொல்லி ஆட்களைத் திரட்டினார். மண்டபம் நிறைந்தது; கதிரைகள் போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். நாட்டின் பூர்வகுடியினருக்கு மரியாதை, அரசுக்கு மரியாதை, உறுப்பினருக்குப் பொன்னாடை, உறுப்பினரின் பொன்னாடைக்கு நன்றியுரை ஆகியவை முடிந்தபின், மோகனதாஸ் எழுந்து நின்றார். வாழ்நாளில் அவர் ஒலிவாங்கியைத் தொட்டது அன்றுதான்.

"எங்களுக்கு அந்த றோட்டிலை ஒரு மஞ்சள் கடவை வேணும்," என்றார். "சனம் என்ன சொல்லுறியள்? வேணுமோ, வேண்டாமோ?"

"ஓம்! ஓம்!" என்று மண்டபம் முழங்கியது.

"கெதியா வேணுமோ?"

"ஓம்!"

உறுப்பினர் அப்போது கைபேசியில் எவருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ப்ரீத்தி மட்டும் கூர்ந்து கேட்டு, விரைந்து விரைந்து எழுதினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. தன் மக்களை அவர் அவ்வளவு பக்தியோடு முன்பு கண்டதில்லை.

கூட்டத்தின் அதிகாரபூர்வமான பதிவு அடுத்த கிழமை வெளியாயிற்று. மோகனதாஸ் அதைக் குசினியில் அடுப்பருகே வைத்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

'கூட்டத்தினர் தொடக்கம் முதல் இறுதிவரை மஞ்சள் கடவுளை வேண்டினர். வினாக்களுக்கு விடையாக ஓம் என்னும் புனித ஒலியை மும்முறை எழுப்பினர். சாலையைப் பற்றி எவரும் கருத்துத் தெரிவிக்கவில்லை. இம்மக்களின் ஆன்மிகத் தேவையைக் கருதி, அவ்விடத்தில் ஒரு வழிபாட்டுக் கல் நிறுவ உறுப்பினர் பரிந்துரைக்கிறார்.'

தமிழில் 'வேண்டுதல்' என்னும் சொல், விரும்பிக் கேட்பதையும் தொழுது இரப்பதையும் ஒருங்கே குறிக்கும். நம் முன்னோர் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைக்காமைக்கு, அரசு அலுவலகங்களோடு அவர்களுக்கிருந்த பழக்கமே காரணமாதல் கூடும்.

"கடவுளே!" என்றார் மனோரமா.

"ஓம், அதைத்தான் எழுதியிருக்கினம்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ. போய்ச் சொல்லுங்கோ, நாங்கள் கேட்டது கடவுள் இல்லை, கடவை எண்டு. இந்த முறை ஓம் எண்டு வாயைத் திறந்தியளோ, பேந்து தெரியும்."

மோகனதாஸ் படியேறினார். உறுப்பினர் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? இத்தனை வருஷமா உங்க ஆளுங்களுக்கு வீட்டுப் பத்திரம் எழுதிக் குடுக்கேன். ஓம்னா ஆமான்னு தெரியும். கடவைன்னா என்னன்னும் இப்போ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப திருத்தலாம் தானே, ஐயா?"

"நீங்க சட்டம் படிக்கல, அதான் கேக்கீங்க. நடந்தது வேற, பதிவானது வேற. நடந்தது அன்னைக்கே முடிஞ்சு போச்சு. பதிவு நிக்குது. ஒரு வக்கீல் போனதை நம்புவானா, நிக்கிறதை நம்புவானா? சரி, திருத்துதோம்னு வைங்க. அப்போ தப்பு நடந்திருக்குன்னு ஆயிடும். தப்பு நடந்தா விசாரணை. விசாரணைன்னா, கூட்டம் நடக்கும்போது உறுப்பினர் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார்னு கேப்பான். நான் போன்ல இருந்தேன்." அவர் மோகனதாஸின் தோளில் கை வைத்தார். "அது மட்டுமில்ல அண்ணாச்சி. கடவைக்கு மூணு அலுவலகத்துக் கையெழுத்து வேணும். கடவுளுக்கு ஒரு கல்லு போதும். என்னால எது முடியுமோ, அதை நீங்க கேட்டதா இருக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

"மனிசி ஏசுவா, ஐயா."

"குறிச்சுக்கிட்டேன்," என்றார் உறுப்பினர்.

இருந்தாலும் அவர் இரக்கமற்றவர் அல்லர். இந்தச் செய்தியைச் சட்டமன்றத்திலேயே எழுப்புவதாக வாக்களித்து, மோகனதாஸைப் பார்வையாளர் மாடத்தில் அமர்த்தினார். மோகனதாஸ் கழுத்துப்பட்டி அணிந்து சென்றார். சட்டமன்ற அவை பெரியது; இருக்கைகள் மெத்தென்றிருந்தன; அவற்றில் அமர்ந்திருந்தவர்கள் மிகச் சிலர். உள்ளே நுழைபவர்கள் சபாநாயகரை வணங்கினார்கள். வெளியே செல்பவர்களும் வணங்கினார்கள். சிலர் இவ்விரண்டை மட்டுமே செய்தார்கள்.

சடகோபன் எழுந்து, தம் தொகுதி மக்களின் தொன்மையான மஞ்சள் வழிபாட்டைப் பற்றி மூன்று நிமிடம் உருக்கமாகப் பேசினார். உடனே எதிர்த்தரப்பில் ஒருவர் எழுந்தார்.

"மக்களின் வரிப்பணத்தில் அரசு ஒரு கடவுளுக்குக் கல் நாட்டலாமா?"

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே," என்றார் சடகோபன், "நான் அதைக் கடவுள் என்று வலியுறுத்தவில்லை. மஞ்சள் என்பதையே வலியுறுத்துகிறேன்."

"மஞ்சள் என்பது வரவிருக்கும் தேர்தலில் போட்டியிடும் ஒரு கட்சியின் நிறம்!"

"அது வேறு மஞ்சள். இது பண்பாட்டு மஞ்சள்."

"எந்த மஞ்சள் என்பதை மாண்புமிகு உறுப்பினர் இந்த அவைக்குத் தெளிவுபடுத்துவாரா? வாழைப்பழ மஞ்சளா, எலுமிச்சை மஞ்சளா?"

இதுவரை உறங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துக்கொண்டார்கள். வாழைப்பழத்தின் பக்கம் சிலரும் எலுமிச்சையின் பக்கம் சிலரும் பேசினார்கள். வாழை விளையும் வடபகுதித் தொகுதிக்காரர் ஒருவர் தம்முடைய மக்கள் புண்பட்டுவிட்டதாகக் கூறி அமர்ந்தார். இறுதியில், நிறத்தை ஆராய்வதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. இரு தரப்பாரும் ஒருமனதாக வாக்களித்த அந்த நாள், அவையின் பண்புக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று சபாநாயகர் பாராட்டினார்.

மோகனதாஸால் பொறுக்க முடியவில்லை. அவர் மாடத்தில் எழுந்து நின்று, "ஐயாமாரே, றோட்டு! றோட்டைப் பற்றிக் கதையுங்கோ!" என்றார். சீருடை அணிந்த காவலர் மிகுந்த மரியாதையோடு அவரை வெளியே அழைத்துச் சென்றார். அன்றைய குறிப்பில், 'மாடத்தில் ஓர் அடியார் பரவசத்தால் குரல் எழுப்பினார்' என்று பதிவாயிற்று.

இதற்கிடையில் போக்குவரத்துத் துறையும் வாளாவிருக்கவில்லை. மோகனதாஸ் முதலில் கொடுத்த விண்ணப்பம் அங்கே உயிரோடு இருந்தது. சாலையைக் கடப்போர் போதிய தொகையினர் என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றிக் கடவை அமைக்கலாகாது என்பது விதி. ஆகவே கணக்கெடுப்பதற்குக் கெல்வின் என்னும் மலேசியத் தமிழரை அனுப்பினார்கள். அவர் சாலையோரத்தில் வேனை நிறுத்தி, கையில் ஆட்களை எண்ணும் ஒரு சிறு பொறியோடு அமர்ந்திருந்தார்.

"அங்கிள், நீங்க ரெண்டு பேருதான் லா," என்றார், அவர்கள் ஒருவாறு கடந்து வந்தபின்.

"தம்பி, இந்த நிலையத்துக்கு எத்தினையோ பேர் வருகினம். பயத்திலை ஒருத்தரும் கடக்கிறேல்லை. பிள்ளையள் காரிலை கொண்டந்து விடுகினம். எங்களுக்குத்தான் பிள்ளையள் இல்லை."

"புரியுது அங்கிள். ஆனா கடக்காதவங்கள எண்றதுக்கு இதுல பட்டன் இல்ல."

"அப்ப ஆக்கள் கடக்கிறதுக்குக் கடவை வேணும், கடவைக்கு ஆக்கள் கடக்க வேணும்," என்றார் மனோரமா. "இதை யார் தம்பி யோசிச்சுக் கண்டுபிடிச்சது?"

"பெரிய ஆளுங்க, ஆன்ட்டி," என்றார் கெல்வின். "நான் அடுத்த மாசம் இன்னொரு தடவ வருவேன். ரெண்டு தடவ எண்ணணும். ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க."

மோகனதாஸ் மறுபடியும் கடை கடையாகச் சென்றார். ஆறுதல் சொன்னவர்கள் பலர். லொறியின் முன்னால் இறங்குவதற்கு ஒப்புக்கொண்டவர் எவருமிலர். அவர்கள்மீது குற்றமில்லை. அன்றிரவு மனோரமா நாட்காட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இஞ்சாருங்கோ, செவ்வாயிலை போகாமல் விட்டால் என்ன? கிழமைக்கு ரெண்டு நாள் போனாக் காணாதோ?" என்றார். சிகிச்சையில் ஒரு நாளைக் குறைத்தால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஏசுவதற்கு மறந்து அவர் இவ்வாறு கேட்டது, மோகனதாஸை லொறியைவிட அதிகமாக அச்சுறுத்தியது.

நிறக்குழு எலுமிச்சைக்கும் வாழைப்பழத்துக்கும் இடைப்பட்டதொரு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது. அந்த நிறத்தில் ஆளுயரக் கல்லொன்று, 'ஓம்' என்னும் எழுத்தோடு சாலையோரத்தில், பேருந்து நிற்குமிடத்துக்குச் சற்று அப்பால் நாட்டப்பட்டது. கல்லின் அடியில் உறுப்பினரின் பெயர், கல்லைவிடத் தெளிவாகத் தெரியுமாறு பொறிக்கப்பட்டது. திறப்புவிழா ஒரு செவ்வாய்க்கிழமை. கணக்கெடுக்க வந்த கெல்வினும் அன்றுதான் வேனை நிறுத்தியிருந்தார்.

இருநூறு பேர் கூடினார்கள். நாதஸ்வரம் வந்தது. மோகனதாஸின் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. சிகிச்சைக்கு நேரமாகிறது என்று அவர் சொன்னதை எவரும் கேட்கவில்லை. சடகோபன் பேசினார்:

"அன்பர்களே, சிலர் கேட்கிறார்கள், சடகோபன் இந்தத் தொகுதிக்கு என்ன செய்தான் என்று. நான் அவர்களைக் கேட்கிறேன்: செய்வதுதான் தொண்டா? செய்துவிட்டால் அது முடிந்துபோகும். முடிந்துபோனதற்கு மக்கள் இரண்டாம் முறை வாக்களிப்பதில்லை. நான் எதையும் முடித்து வைத்து உங்களை விட்டுப் பிரிய விரும்பவில்லை! இதோ, இந்தக் கல்லைக் கேட்டவர், நம்முடைய மோகனதாஸ் அண்ணாச்சி. அண்ணாச்சி, இப்போ திருப்திதானே?"

ஒலிவாங்கி மோகனதாஸின் வாய்க்கு அருகே வந்தது. இருநூறு பேரும் அவருடைய 'ஓம்' என்னும் ஒலிக்காகக் காத்திருந்தார்கள். மனோரமா நடைவண்டியில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகனதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லை," என்றார்.

வாழ்நாளில் ஓர் அதிகாரியின் முன் அவர் சொன்ன முதல் 'இல்லை' அது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் பத்திரத்தில் எந்தச் சொல் எங்கே விழுந்தாலும் தமக்குச் சாதகமாகப் படிக்கவல்ல சட்டத்தரணி சடகோபன், ஒரு கணமும் தயங்கவில்லை.

"கேட்டீர்களா!" என்று முழங்கினார். "இல்லை என்கிறார்! என் தொண்டுக்கு எல்லை இல்லை என்கிறார்!"

கைதட்டல் லொறிகளின் இரைச்சலையும் மூழ்கடித்தது. ப்ரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

விருந்து சாலைக்கு அந்தப் பக்கம், சிகிச்சை நிலையத்துக்கு அடுத்த மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. உறுப்பினர் கடக்க வேண்டுமாகையால் காவலர் ஒருவர் நடுச்சாலைக்குச் சென்று கையை உயர்த்தினார். கடல்போல் இரைந்த சாலை அடங்கியது. கொள்கலன் லொறிகள் இரு புறமும் பணிந்து நின்றன.

"பாத்தியளே," என்றார் மனோரமா. "ஒரு கை. ஒரே ஒரு கை."

அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லோருக்கும் முன்னே இறங்கினார். நடுச்சாலைக்கு வந்ததும் பிரேக்கை இறுக்கி, அதன் இருக்கையில் அமர்ந்துகொண்டார். பின்னால் வந்த உறுப்பினரும் இருநூறு பேரும் நின்றுவிட்டார்கள்.

"என்னம்மா, நடு ரோட்டுல உட்கார்ந்துட்டீங்க?" என்றார் சடகோபன், லொறிகளை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "எந்திரிங்க, எந்திரிங்க. ஆபத்தான இடம்!"

"ஓம் ஐயா, ஆபத்தான இடம். இதைத்தான் இவர் இவ்வளவு நாளும் உங்களிட்டைச் சொன்னவர். உங்கடை வாயாலை ஒருக்காக் கேக்க வேணும் போலை இருந்தது. குறிச்சுக்கொண்டியளோ?"

உறுப்பினர் முதன்முறையாக எதையும் குறித்துக்கொள்ளவில்லை. நிழற்படக்காரர் படம் எடுத்தார். பிறகு மனோரமா தாமே எழுந்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் சேர்ந்தார். பின்னாலேயே இருநூறு பேரும் விருந்தின் மணத்தைத் தொடர்ந்து கடந்தார்கள். வேனுக்குள் கெல்வினுடைய பொறி விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"அங்கிள்!" என்று அவர் சன்னல் வழியே கூவினார். "தாண்டிருச்சு அங்கிள்! வேண்டிய தொகைக்கு மேல! கண்டிப்பாக் கெடைக்கும்!"

அன்று சிகிச்சைக் கதிரையில் சாய்ந்திருந்தபோது மனோரமா சிரித்தார். நெடுங்காலத்துக்குப்பின் அவர் சிரித்ததைக் கண்டு, குழாய்களைப் பொருத்திய தாதியும் சிரித்தார். வீட்டுக்குத் திரும்பியதும் புதிய இடியப்பப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

துறையின் முடிவைச் சில கிழமைகள் கழித்து ப்ரீத்தி தொலைபேசியில் தெரிவித்தார். அவருடைய குரல் மகிழ்ச்சியாகவே இருந்தது.

"குட் நியூஸ், அங்கிள்! இருநூறு பேர் கிராஸ் பண்ணிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. அதனால அந்த இடம் ரொம்ப சேஃப்னு டிபார்ட்மெண்ட் சொல்லிட்டாங்க. கிராஸிங் தேவையே இல்லையாம்! இதையும் சாரோட புக்ல சேர்த்துட்டோம். அங்கிள்? லைன்ல இருக்கீங்களா?"

மோகனதாஸ் 'ஓம்' என்றும் சொல்லவில்லை. 'இல்லை' என்றும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் பேருந்திலிருந்து இறங்கி, வழக்கம்போல் சாலையோரத்தில் நின்றார்கள். லொறிகள் வழக்கம்போல் ஓடின. கல்லின் அடியில் யாரோ வைத்த இரண்டு எலுமிச்சம்பழங்களும் வாடிய செவ்வந்தியும் கிடந்தன. மோகனதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மனோரமா நடைவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார்.

அப்போது வெள்ளைக் கார் ஒன்று வேகம் தணிந்து வந்தது. அதை ஓட்டிய பெண்ணை அவர்களுக்குத் தெரியாது. கல்லைக் கண்டதும் அவர் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினார். அவருக்குப் பின்னால் வந்த லொறி அலறிக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கத்தில் வந்தவனும் என்ன விபத்தோ என்று எட்டிப் பார்த்து வண்டியை மெதுவாக்கினான்.

"இவ கண்ணைத் திறக்கிறதுக்குள்ளை போகவேணும்," என்றார் மனோரமா. "போவமே?"

"ஓம்," என்றார் மோகனதாஸ்.

அதைக் குறித்துக்கொள்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை.